விருந்தும் உரிமையும்: பிறநாட்டுப் பாடசாலைத் தொடர்பு பற்றிய ஒரு திறனாய்வு

மனிதன் எந்நாட்டிற் பிறந்தவனாயினும், எம்மொழி பேசுபவனாயினும், எத்தெய்வத்தை வழிபடுபவனாயினும், மனிதன் என்னும் ஒரு காரணம் பற்றியே அவனுக்குச் சில உரிமைகள் உள என்பது இன்று உலகம் வாயளவிலேனும் ஒப்புக்கொண்ட கொள்கையாகும். 1948ஆம் ஆண்டு டிசெம்பர் 10ஆம் நாள் பாரிஸ் நகரிற் கூடிய ஐக்கிய நாடுகள் பொதுச்சபை, 30 உறுப்புரைகள் கொண்ட மனித உரிமைப் பிரகடனத்தை நிறைவேற்றியது. 48 நாடுகள் அதனை ஆதரித்தன. 8 நாடுகள் வாக்களியாது விலகி நின்றன. எதிர்த்து வாக்களித்த நாடு ஒன்றேனும் இல்லை. அப்பிரகடனத்தின் 26ஆம் உறுப்புரை, கல்வி பெறும் உரிமையைக் கூறுவதோடு அமையாது, அக்கல்வி எதனை நோக்கிச் செல்லவேண்டும் என்பதையும் வரையறுக்கின்றது. மனித உரிமைகளை மதிக்கும் மனப்பான்மையை வலுப்படுத்தலும், நாடுகளுக்கும் இனங்களுக்கும் சமயங்களுக்கும் இடையே நட்பினை வளர்த்தலும் கல்வியின் பணிகள் என அது விதிக்கின்றது.

இவ்விரு பணிகளும் ஓர் உறுப்புரையில் அடுத்தடுத்து வைக்கப்பட்டமையாற் போலும், ஒன்றைச் செய்தால் மற்றையது தானே வந்தெய்தும் என்ற எண்ணம் கல்வியுலகில் வேரூன்றிவிட்டது. பிறநாட்டு மாணவனோடு நம் மாணவன் பழகினால் நட்பு உண்டாகும்; நட்பு உண்டானால் உரிமையுணர்வு உண்டாகும் என்பது அவ்வெண்ணத்தின் சுருக்கம். முதற்படி பற்றி நமக்குப் பெரிய ஐயமில்லை. சிறுவர் எளிதிற் பழகுவர். ஆனால் நட்பினின்று உரிமையுணர்வு தானே முளைக்குமா என்பது வேறு வினா. அதனை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இம்முயற்சியின் வரலாற்றைச் சுருங்கக் கூறுவாம். 1951ஆம் ஆண்டு அமெரிக்க நாட்டின் சின்சினாற்றி நகரில், டொறிஸ் அலன் என்னும் உளவியல் அறிஞர், பல நாடுகளினின்றும் பதினொரு வயதுப் பிள்ளைகளை வரவழைத்து ஓரிடத்தில் ஒருங்கு வாழச் செய்தார். வீட்டைப் பிரிந்திருக்கும் முதிர்ச்சியும், முன்முடிவுகள் இறுகிவிடாத இளமையும் ஒருங்கே அமைந்த பருவம் அது என்பது அவர் துணிபு. 1953ஆம் ஆண்டு யுனெஸ்கோ நிறுவனம் இணைப் பாடசாலைத் திட்டத்தைத் தொடங்கியது. 15 நாடுகளைச் சேர்ந்த 33 பாடசாலைகள் அதில் முதன்முதற் பங்குகொண்டன. மனித உரிமைப் பிரகடனம், பெண்களின் உரிமைகள், பிறநாடுகளின் வாழ்வு ஆகிய மூன்றும் அப்பாடசாலைகள் கற்பித்துப் பரிசோதிக்க எடுத்துக்கொண்ட பொருள்கள். பின்னர் 1974ஆம் ஆண்டு யுனெஸ்கோ, நாடுகளுக்கிடைப் புரிந்துணர்வையும் மனித உரிமைக் கல்வியையும் ஒன்றாகப் பிணைத்து ஒரு பரிந்துரையை வெளியிட்டது. 2023ஆம் ஆண்டு அதனைப் புதுக்கியது. கடிதமும் படமும் பரிமாறிய காலம் போய், திரைவழி முகம்பார்த்துப் பேசும் காலம் வந்துளது. கருவி மாறினும் கருத்து அதுவே.

இக்கருத்தின் வலிமையையும் மெலிவையும் அளந்தறிவதற்கு அக்காலத்திலேயே இரண்டு அளவுகோல்கள் கிடைத்தன. கோர்டன் ஒல்போட் என்னும் உளவியலாளர் 1954ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில், இரு குழுவினர் ஒருவரையொருவர் சந்தித்தல் மட்டும் வெறுப்பைப் போக்காது. சமநிலை, பொதுக்குறிக்கோள், கூட்டுழைப்பு, மேலிடத்தின் ஆதரவு ஆகிய நான்கும் உடன் அமைதல் வேண்டும் என்றார். அதே ஆண்டில் முசாபர் ஷெரீப் என்பார் ஒக்லகோமா மாநிலத்தில் 22 சிறுவரை இரு குழுக்களாகப் பிரித்துப் போட்டியில் ஈடுபடுத்தி, அவரிடையே பகைமை மூண்டதைக் கண்டார். பின்னர் அவர்களை ஒன்றாக உண்ணவும் படம் பார்க்கவும் வைத்தார், பகை தணியவில்லை. தண்ணீர் வராது போனபோதும், வண்டி ஓடாது நின்றபோதும் இரு குழுவினரும் சேர்ந்து உழைக்க நேர்ந்தபின்னரே அது தணிந்தது. ஆகவே, கூடி உண்ணல் வேறு, கூடி உழைத்தல் வேறு என்பது தெளிவாயிற்று. பெரும்பாலான பாடசாலைத் தொடர்புகள் முன்னதோடு நின்றுவிடுதல் கண்கூடு.

தமிழராகிய நமக்கு இதில் ஒரு தனி இடர்ப்பாடும் உளது. விருந்தோம்பல் நம் மரபின் தலையாய அறங்களுள் ஒன்று. வள்ளுவர் அதற்கென ஓர் அதிகாரமே வகுத்தார். விருந்தினன் வருவான் என அறிந்தால் முற்றம் கூட்டப்படும், கோலம் இடப்படும், நிறைகுடம் வைக்கப்படும், வீட்டின் குறை யாவும் உட்கதவுக்கு அப்பால் ஒதுக்கப்படும். இது பண்பாடே, இதனைப் பழித்தல் எம் கருத்தன்று. ஆயினும், வீட்டின் குறையை விருந்தினன் அறியாதவாறு காத்தல் விருந்தோம்பலின் முறையாக, குறையைக் குறையென்று வெளிப்படையாகச் சொல்லுதல் உரிமைக்கல்வியின் முறையாக உள்ளது. ஒன்று மறைக்கச் சொல்கின்றது. மற்றது திறக்கச் சொல்கின்றது. பிறநாட்டு மாணவர் வரும்போது மாலையும் மேளமும் நடனமும் அளித்து அனுப்பிவிடும் பாடசாலை, சிறந்த விருந்தோம்பியதென்று சொல்லலாம்; உரிமை கற்பித்ததென்று சொல்லவியலாது. விருந்தினரும் நன்றி கூறி மீள்வர். இரு திறத்தாரும் மகிழ்வர். எவரும் எதுவும் கற்றிரார்.

யாழ்ப்பாணத்துக்குப் பிறநாட்டுப் பாடசாலைத் தொடர்பு புதியதன்று. 1816ஆம் ஆண்டில் இங்கு வந்த அமெரிக்க மிஷனரிமார் 1823இல் வட்டுக்கோட்டைச் செமினரியையும், 1824இல் உடுவிற் பெண்கள் பாடசாலையையும் நிறுவினர். பெண்மக்களுக்கு எழுத்தறிவித்தல் வேண்டா என்றிருந்த காலத்தில் அப்பாடசாலை ஆற்றிய தொண்டு மறக்கற்பாலதன்று. எனினும் அத்தொடர்பின் அமைப்பினை நோக்குமிடத்து ஓர் உண்மை புலப்படும். பிள்ளையொன்றின் உணவுக்கும் படிப்புக்கும் பொருளுதவிய அமெரிக்கர், தாம் விரும்பிய பெயரை அப்பிள்ளைக்குச் சூட்டும் வழக்கம் அந்நாளில் நிலவியது. ‘உதயதாரகை’யின் ஆசிரியராக விளங்கி, ‘பாவலர் சரித்திர தீபக’த்தை 1886இல் வெளியிட்ட சதாசிவம்பிள்ளை, ஆர்னல்ட் என்ற பெயராலும் வழங்கப்பட்டமையை இலக்கிய மாணவர் அறிவர். கொடுத்தவரின் நல்லெண்ணத்தில் ஐயமில்லை. ஆயினும், பெற்றோர் இட்ட பெயர் கொடையாளியின் விருப்பத்துக்கு இடங்கொடுத்து விலகிற்று. 1989ஆம் ஆண்டு ஐக்கிய நாடுகள் சபை ஏற்ற சிறுவர் உரிமைச் சமவாயத்தின் 7ஆம் உறுப்புரை பிறப்பிலிருந்து பெயர்பெறும் உரிமையையும், 8ஆம் உறுப்புரை அப்பெயர் முதலிய அடையாளத்தைப் பேணும் உரிமையையும் கூறுகின்றன. 1991ஆம் ஆண்டு இலங்கையும் அதனை ஏற்றுக்கொண்டது. ஒருவர் கொடுப்பவராகவும் மற்றவர் பெறுபவராகவும் மட்டும் நிற்கும் தொடர்பில், அன்பே உரிமையை அரித்துவிடக்கூடும் என்பதற்கு நம் ஊர் வரலாறே சான்று பகர்கின்றது.

இதற்கு மறுதலையாக மற்றொரு வருகையைக் காண்பாம். 1924ஆம் ஆண்டளவில் ஹண்டி பேரின்பநாயகம் முதலிய இளைஞர் தோற்றுவித்த மாணவர் காங்கிரஸ், பின்னர் யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் எனப் பெயர்பெற்றது. அதன் அழைப்பின்பேரில் 1927ஆம் ஆண்டு நவெம்பர் மாதத்தில் காந்தியடிகள் யாழ்ப்பாணம் வந்தார். வரவேற்பும் பணமுடிப்பும் குறைவின்றி நிகழ்ந்தன. ஆயினும் வந்த விருந்தினர் வரவேற்பை ஏற்றுக்கொண்டு வாளா சென்றாரல்லர். தீண்டாமையை ஒழிக்குமாறு அவர் வற்புறுத்தினார். அழைத்த இளைஞரும் அதனைக் கேட்கவேண்டியே அழைத்தனர் என்பது குறிப்பிடத்தக்கது. அக்காலத்துப் பாடசாலைகளிலே, தாழ்த்தப்பட்ட சாதிப் பிள்ளைகள் நிலத்திலோ தனி வாங்கிலோ இருத்தப்பட்டனர். சம ஆசனம் வழங்கவேண்டும் என அரசினர் 1930ஐ ஒட்டிய ஆண்டுகளில் விதித்தபோது நம்மவர் பலர் அதனை எதிர்த்தனர். பாடசாலைகள் சில தீக்கிரையாயின. ஓர் இருக்கைக்காகப் பாடசாலையையே கொளுத்தத் துணிந்த சமூகம் இது என்பதை மறைத்துவிட்டு நாம் எவருக்கு உரிமை கற்பிக்கப் போகின்றோம்? இவ்வரலாறு நம் மாணவர்க்கு முதலிற் சொல்லப்படல் வேண்டும். பின்னர் வரும் விருந்தினர்க்கும் சொல்லப்படல் வேண்டும்.

‘உரிமை’ என்னும் சொல்லையும் ஈண்டு ஆராய்தல் பயனுடைத்து. பழந்தமிழ் நூல்களில் அச்சொல் மனைவியையும் சுற்றத்தையும் குறித்து வழங்கியதுண்டு. 1707ஆம் ஆண்டு ஒல்லாந்தர் காலத்தில் தொகுக்கப்பட்ட தேசவழமையில், முதுசொம், உரிமை, தேடியதேட்டம் என்பன சொத்தின் வகைகள். உறவினர்வழி வந்த சொத்தே அங்கு உரிமை எனப்பட்டது. அத்தொகுப்பிலேயே அடிமைகள் பற்றிய விதிகளும் இடம்பெற்றன. 1844ஆம் ஆண்டிலேதான் இலங்கையில் அடிமைமுறை சட்டத்தால் முற்றாக நீக்கப்பட்டது. ஆகவே, காணியுறுதியும் வழக்கும் நிறைந்த நம் நாட்டில் வளரும் பிள்ளைக்கு உரிமை என்றவுடன் தோன்றுவது, ‘இது எனது, பிறன் இதில் நுழையலாகாது’ என்னும் எண்ணமே. மனித உரிமை என்பதோ, ‘எனக்கு உள்ளது பிறனுக்கும் உண்டு’ என்னும் எண்ணம். சொல் ஒன்று, பொருள் நேர்மாறு. பிரகடனத்தின் முதலாம் உறுப்புரையில் ஆடவரை மாத்திரம் சுட்டுவதுபோல் நின்ற ஆங்கிலச் சொல்லை மாற்றி, மனிதப் பிறவிகள் அனைவரையும் தழுவுமாறு திருத்துவித்தவர் இந்தியப் பிரதிநிதி ஹன்சா மேத்தா அம்மையார் ஆவர். ஒரு சொல்லைத் திருத்துதல் உலக சபையிலும் வேண்டியிருந்தது, வகுப்பறையிலும் வேண்டியிருக்கின்றது.

வீட்டினின்றே தொடங்கும் உரிமைக்கல்விக்குத் தமிழுலகில் ஓர் எடுத்துக்காட்டு உளது. மதுரையைத் தலைமையிடமாகக் கொண்ட மக்கள் கண்காணிப்பகம் 1997ஆம் ஆண்டு தமிழ்நாட்டுப் பாடசாலைகள் சிலவற்றிலே மனித உரிமைக் கல்வியைத் தொடங்கியது. ஆறாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்புவரை மூன்றாண்டுகள், வாரத்துக்கு இரண்டு பாடவேளைகளாக அது அமைந்தது. பின்னர் இந்தியாவின் பிற மாநிலங்களுக்கும் பரவியது. அங்கு பாடம் ஜெனீவாவினின்று தொடங்கவில்லை. பிள்ளையின் தெருவினின்று தொடங்கியது. தேநீர்க்கடையில் ஏன் இரண்டு வகைக் குவளை? பள்ளியை ஏன் ஒரு சாதிப் பிள்ளைகளே கூட்டுகின்றனர்? பன்னிரண்டு வயதில் அக்காளுக்கு ஏன் கலியாணம்? இத்தகைய வினாக்களை எழுப்பப் பிள்ளைகள் பழகினர். இம்முயற்சியை நேரில் ஆராய்ந்து நூல் எழுதிய மோனிஷா பஜாஜ் என்னும் பேராசிரியை, ஆசிரியர் சிலர் பிறர்க்குக் கற்பிக்கப் புகுந்து தாமே மாறினமையையும், வினாவெழுப்பிய எளிய வீட்டுப் பிள்ளைகள் சிலவிடத்து எதிர்ப்புக்கு ஆளானமையையும் பதிவுசெய்துள்ளார். பிந்தியது நாம் ஊன்றி நோக்கவேண்டியது. உரிமை பேசும் பிள்ளைக்குத் துணைநிற்க ஆசிரியர் ஆயத்தமில்லையெனின், அப்பாடத்தைத் தொடங்குதல் பிள்ளையை நடுவழியிற் கைவிடுதலாகும்.

அங்ஙனமாயின் வீட்டுப் பாடமே போதும். பிறநாட்டுத் தொடர்பு வீண் செலவன்றோ எனச் சிலர் கடாவலாம். அவர் கூற்றில் ஓரளவு உண்மை உண்டு; ஆயினும் முழுதும் ஏற்கத்தக்கதன்று. நாள்தோறும் காணும் குறை கண்ணுக்குப் புலப்படாது போதல் இயல்பு. தனி வாங்கினைக் கண்டு வளர்ந்தவன் அதனை வாங்கு என்றே காண்பான்; அநீதி என்று காணான். ‘இது ஏன் இப்படி?’ என்று அயலான் வினவும்போது, அதுவரை வினாவாக இல்லாதது வினாவாகின்றது. விடை தேடும் கட்டாயமும் பிறக்கின்றது. அயலாரின் பயன் இதுவே. அவர் நமக்கு விடை கொண்டுவருவதில்லை, வினாக் கொண்டுவருகின்றனர். நாமும் அவர் நாட்டில் அவ்வாறே வினவும் தகுதியுடையோம் என்பதை அவர் ஏற்றல் வேண்டும். ஏழை நாட்டவன் குறைசொல்லுதற்கும் செல்வ நாட்டவன் இரங்குதற்கும் மட்டும் கூடும் கூட்டம் ஒல்போட் கூறிய சமநிலையில்லாக் கூட்டமாகும்.

இனி, தென்மராட்சியைச் சேர்ந்த மாணவன் ஒருவன் பிறநாட்டு மாணவன் முன் தன் ஊரைப்பற்றிப் பேசுவதாகக் கொள்வோம். அவன் எவற்றைச் சொல்வான்? 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் மாத இறுதியில் வலிகாமத்தினின்றும் பல இலட்சம் மக்கள் ஓரிரவிலே பெயர்ந்து தென்மராட்சிக்கு வந்தமையையும், பாடசாலைகள் அவர்க்குப் புகலிடமானமையையும் சொல்வான். 2000ஆம் ஆண்டுப் போரிலே சாவகச்சேரி நகரம் இடிபாடாகி, இங்குள்ளோரும் ஏதிலிகளானமையைச் சொல்வான். இவை உண்மை, சொல்லவேண்டியனவும் ஆம். ஆனால், 1990ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில் வடமாகாணத்து முஸ்லிம் மக்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டமையையும், சாவகச்சேரியில் வாழ்ந்த முஸ்லிம்களும் அவருள் அடங்குவர் என்பதையும் அவன் சொல்வானா? பராயமடையாத பிள்ளைகள் படையிற் சேர்க்கப்பட்டமையைச் சொல்வானா? பிரகடனம் நிறைவேறிய அதே 1948ஆம் ஆண்டிலேயே, இலங்கைக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரை நாடற்றவராக்கியமையையும், தமிழ்ப் பிரதிநிதிகள் அனைவரும் அதனை ஒருமுகமாக எதிர்க்கவில்லை என்பதையும் சொல்வானா? தனக்கு நேர்ந்ததை மட்டும் சொல்பவன் முறையீடு செய்யக் கற்றவன். தன் அயலவனுக்குத் தன் மண்ணில் நேர்ந்ததையும் சேர்த்துச் சொல்பவனே உரிமை கற்றவன். முன்னதைக் கைவிடவேண்டுவதில்லை. பின்னதால் முன்னதன் வலிமை குறையாது. மாறாக, கேட்போர் உள்ளத்தில் அதன் நம்பகம் பெருகும்.

இவ்விடத்து வேறொரு குறையும் தோன்றுகின்றது. இலண்டனிலும் ரொறன்ரோவிலும் உள்ள பாடசாலையோடு தொடர்புகொள்ள விழைவார் பலர். காலியிலும் ஹற்றனிலும் புத்தளத்திலும் உள்ள பாடசாலையோடு தொடர்புகொள்ள விழைவார் சிலர். 2008ஆம் ஆண்டு இலங்கைக் கல்வியமைச்சு, சமூக ஒருமைப்பாட்டுக்கும் சமாதானத்துக்குமான கல்வி பற்றித் தேசியக் கொள்கை ஒன்றை வெளியிட்டது. போர் 2009ஆம் ஆண்டு முடிந்தபின் வடக்கினின்றும் தெற்கினின்றும் மாணவர் ஒருவர் ஊருக்கு ஒருவர் சென்று வந்ததும் உண்டு. ஆனால் அங்கும் விருந்தே முந்துகின்றது. கிரிக்கெட் ஆட்டமும் கலைநிகழ்ச்சியும் முடிந்ததும் பேருந்து புறப்பட்டுவிடுகின்றது. சிங்கள மாணவனும் தமிழ் மாணவனும் ஒருவன் மொழியை ஒருவன் அறியாது, இருவரும் அரைகுறை ஆங்கிலத்திலே புன்னகை பரிமாறிப் பிரிகின்றனர். தொலைவிலுள்ளவனோடு உரிமை பேசுதல் எளிது. அவனோடு நமக்குக் கணக்கு வழக்கில்லை. அயலவனோடு பேசுதல் அரிது. அரிதென்பதனாலேயே அது கல்வியாகின்றது.

இதுகாறும் கூறியவற்றால், பாடசாலைத் தொடர்பொன்று உரிமைக்கல்வி ஆகுமா என்று மதிப்பிடுதற்கு நான்கு கட்டளைகள் பெறப்படும். முதலாவது, இரு பாடசாலைகளும் ஒரே வினாவை இரு ஊரிலும் ஆராய்தல் வேண்டும். குடிநீர் யாருக்குக் கிடைக்கின்றது, பாடசாலையை இடைநிறுத்துவோர் யாவர், மாற்றுத்திறனுடைய பிள்ளை வகுப்பறைக்குள் நுழைய வழியுண்டா என்பன போன்ற வினாக்கள் அதற்கு ஏற்றன. இரண்டாவது, ஒவ்வொரு பாடசாலையும் தன் சமூகத்தின் பெருமையொன்றைச் சொல்லுமிடத்துக் குறையொன்றையும் சொல்லுதல் வேண்டும். மூன்றாவது, சென்றுவருவோர் ஆங்கிலம் வல்ல சிலராக மட்டும் அமையாது, எளிய வீட்டுப் பிள்ளைகளும் ஆதல் வேண்டும். சமவாயத்தின் 12ஆம் உறுப்புரை கூறும், தன் கருத்தைச் சொல்லும் உரிமை பேச்சுப்போட்டியில் வென்றவனுக்கு மட்டும் உரியதன்று. நான்காவது, தொடர்பு முடிந்தபின் தத்தம் பாடசாலையில் மாறியது யாது என்பதை இரு திறத்தாரும் ஓராண்டு கழித்து ஒருவர்க்கொருவர் எழுதுதல் வேண்டும். மாறியது எதுவுமில்லையெனின் அதனையும் எழுதுக.

வெளிநாடுகளில் வாழும் பழைய மாணவர்க்கும் இதில் ஒரு பங்குண்டு. போரினாற் சிதைந்த பாடசாலைகள் பல அவர்தம் கொடையாற் கூரை பெற்றன. அவர்தம் மக்களும் விடுமுறைக்கு இங்கு வருகின்றனர். அப்பிள்ளைகள் கொடையாளியின் மக்களாக மேடையில் அமர்த்தப்படாது, வகுப்பறை வாங்கில் நம் பிள்ளைகளோடு சில கிழமை இருந்து படித்தல் நன்று. புலம்பெயர்ந்த நாட்டிலே நிறமும் பெயரும் காரணமாகத் தாம் உற்ற இன்னலை அவர் சொல்லட்டும். சாதியும் வறுமையும் காரணமாகத் தம் வகுப்பில் நிகழ்வதை நம் பிள்ளைகள் சொல்லட்டும். அன்று பிள்ளையின்மேல் எழுதப்பட்ட கொடையாளியின் பெயர் இன்று சுவரின்மேல் எழுதப்படுகின்றது என்பதோடு நம் முன்னேற்றம் நின்றுவிடலாகாது.

முடிவாக, பிறநாட்டார் வருமிடமெல்லாம் நம் மேடைகளில் ஒலிக்கும் பாட்டொன்றை நினைவூட்டுவாம். கணியன் பூங்குன்றனாரின் அப்பாட்டுப் புறநானூற்றில் 192ஆவதாக நிற்பது. அதன் முதலடியை அறியாத தமிழ் மாணவன் இல்லை. உலகனைத்தையும் சொந்தமாகக் கருதும் அவ்வடியோடு நாம் நிறுத்திவிடுகின்றோம். பாட்டோ நிற்கவில்லை. வாழ்வையும் சாவையும் ஆற்றொழுக்கையும் எண்ணிச் சென்று, உயர்ந்தவர் எனப்படுவோர்முன் மலைத்து நில்லாமையையும், தாழ்ந்தவர் எனப்படுவோரை ஏளனஞ் செய்யாமையையும் கூறி, இரண்டாவதையே மிக வன்மையாக வற்புறுத்தி முடிகின்றது. முதலடி பரிமாற்றத்தின் பாடம். ஈற்றடி உரிமையின் பாடம். ஈற்றடிக்கு வந்துசேராதவன் முதலடியைச் சொல்லுதல் உபசாரமே. நம் பாடசாலைகள் அயலாரை வரவேற்கும்போது பாட்டினை முழுதும் படிக்குமாயின், விருந்தும் சிறக்கும், உரிமையும் விளங்கும்.